தாம்பாளத்தில் ஒரு பேனா

லூவா: இது என்னங்க?

ஹோவான்: எது?

லூவா: தாம்பாளத்துல. சீப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவுல.

ஹோவான்: பேனா.

லூவா: இது பேனாவா?

ஹோவான்: எழுதுதுல்ல? அப்போ பேனாதான்.

லூவா: லாட்டரிச் சீட்டு விக்கிற அம்மா போன வாரம் சும்மா குடுத்துட்டுப் போனது இது. மேல அதிர்ஷ்ட நம்பர் வேற அச்சடிச்சிருக்கு.

ஹோவான்: நல்லதுதானே? அதிர்ஷ்டம்.

லூவா: உள்ள அலமாரில நாப்பத்தொரு மைப்பேனா. ஒவ்வொண்ணும் எந்த ஊர்ல, எந்த மழை நாள்ல வாங்குனதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வீங்க. பெத்த பொண்ணுக்கு வயசு ஒண்ணு ஆகுது, இன்னிக்குத் தொட்டில் விடுற சடங்கு. வாழ்க்கைல என்னவா வரப்போறான்னு அவளே கையால எடுத்துக் காட்டப்போற தட்டுல... ஓசிப் பேனா.

ஹோவான்: மெதுவாப் பேசு. தெப் முழிச்சுக்கப் போறா.

லூவா: தெப் முழிச்சு அரை மணி ஆச்சு. பாருங்க, மேஜைக்கு அடியில.

ஹோவான்: ஐயோ, கைல என்ன வச்சிருக்கா?

லூவா: கரண்டி.

ஹோவான்: அப்பாடா.

லூவா: உங்க உசுரு எங்க இருக்குன்னு நல்லாத் தெரியுது.

ஹோவான்: அப்படியில்ல லூவா...

லூவா: என் பங்கைப் பாருங்க. என் கத்தரி. மணப்பொண்ணுங்களுக்கு அங்கி வெட்டுற கத்தரி. என் பொழப்பே அதுதான். வாயை சிவப்பு நூலால கட்டி வச்சிருக்கேனா இல்லையா? மனசு வந்துச்சா இல்லையா?

ஹோவான்: கத்தரி கீழ விழுந்தா தரைக்குத்தான் அடிபடும். நிப்பு விழுந்தா...

லூவா: விழுந்தா நிமித்த ஆள் இல்லையா? சா தெக் ஊரு பூரா பொய்ப்பல் கட்டிக் குடுக்குறவரு. பல்லைத் தேய்ச்சு வழவழப்பாக்குற மெஷின்லதானே நிப்பையும் தேய்க்கிறீங்க?

ஹோவான்: அதை எங்க பல் டாக்டர்கிட்ட சொல்லிடாதே.

லூவா: முதல்ல அலமாரிக்குக் கயிறு கட்டுனீங்க. அப்புறம் கொக்கி. அப்புறம் பூட்டு. இப்போ சாவியைக் கழுத்துல போட்டுக்கிட்டுக் குளிக்கிறீங்க. ஒரு முழு ஆம்பளை, முப்பத்தஞ்சு வயசு, பதினோரு கிலோ குழந்தைக்குப் பயந்து...

ஹோவான்: பத்தரை கிலோ.

லூவா: எல்லாத்தையும் மேல் தட்டுல தூக்கி வச்சா முடிஞ்சுது. அதைச் செய்ய மாட்டீங்க.

ஹோவான்: மேல்தட்டு கண்ணாடிக் கதவு. வெயில் விழும். பேனாவோட எபோனைட் ரப்பர் வெளுத்து, பழைய வாழைப்பழத் தோல் நிறத்துக்கு வந்துடும். கீழ இருக்கிற மூணு இழுப்பறையும்தான் இருட்டு.

லூவா: சரி, ஒண்ணு கேக்குறேன். மழுப்பாம சொல்லுங்க. அவ பேனாவை எடுக்கணும்னு ஆசை இருக்கா, இல்லையா?

ஹோவான்: எது எடுத்தா என்ன... எல்லாம் ஒரு விளையாட்டு. சீப்பு எடுத்தா சீப்பு.

லூவா: அப்போ பேனாவையே எடுத்துடுறேன் தட்டுல இருந்து.

ஹோவான்: ஏய், ஏய்... இருக்கட்டும்.

லூவா: இருக்கா, இல்லையா?

ஹோவான்: ...இருக்கு.

லூவா: எவ்வளவு?

ஹோவான்: ரொம்ப. மூணு நாளா தூக்கமே இல்ல.

லூவா: அடடா. தெரியாமப் போச்சே. நான் கொசுன்னு நெனச்சேன்.

ஹோவான்: கேலி பண்ணாதே. எங்க வீட்ல எனக்கு மேல ஏழு பேர். ஒருத்தருக்குக்கூட இந்தக் கிறுக்கு கிடையாது. புது நிப்பு வாங்கிட்டு வந்து காட்டுனா, "எவ்வளவு ஆச்சு?"ன்னு கேப்பாங்க. வேற ஒரு வார்த்தை வராது. ஒரு ஆளாவது... கையில வாங்கி, வெளிச்சத்துல திருப்பிப் பாத்து, "ஆ!"ன்னு ஒரு சத்தம் போட்டா போதும். அவ்வளவுதான் ஆசை.

லூவா: நான் போட மாட்டேனா?

ஹோவான்: உனக்கு என்னைப் பிடிக்கும். பேனாவைப் பிடிக்காது.

லூவா: அது சரிதான்.

ஹோவான்: பாத்தியா.

லூவா: தெப்புக்குப் பேனான்னா உசுரு.

ஹோவான்: உனக்கு எப்படித் தெரியும்?

லூவா: ...சும்மா. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். போங்க, நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வாங்க. ஒரு தடவை ஒத்திகை பாத்துடலாம்.

ஹோவான்: ஒத்திகையா? சாமி குத்தம் ஆகாதா?

லூவா: குழந்தையைச் செஞ்சு அனுப்புற தெய்வங்க, அந்தப் பன்னெண்டு மருத்துவச்சித் தாய்களுக்கும் இன்னும் நான் கொழுக்கட்டையே கிண்ணத்துல போடலை. இஞ்சிப் பாகு இன்னும் அடுப்புல கொதிக்குது. வாசனை வந்தாத்தானே அவங்க வருவாங்க? அதுக்குள்ள முடிச்சிடலாம்.

ஹோவான்: ...எதை எடுக்கட்டும்?

லூவா: கெண்டை மீன் போட்டது.

ஹோவான்: அதுவா? லூவா, அது கருப்பு மெருகு. நாப்பது பூச்சு. அந்த மீனோட ஒவ்வொரு செதிலும் தங்கப் பொடி.

லூவா: இவ பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி படிவத்துல பேர் எழுதுனது எதுல?

ஹோவான்: ...அதுலதான்.

லூவா: மை காயறதுக்குள்ள நர்ஸ் கையை வச்சுக் கலைச்சுட்டான்னு சண்டைக்குப் போனது யாரு? நான் அங்க தையல் போட்டுப் படுத்திருந்தேன். நீங்க மைக்குச் சண்டை.

ஹோவான்: மைக்கு இல்ல. அவ பேருக்கு.

லூவா: அப்போ போய் எடுத்துட்டு வாங்க.

ஹோவான்: ...இந்தா. மெதுவா. மெதுவா வை. உருளாம வை. இந்தப் பக்கம் துணியை மடிச்சு...

லூவா: போதும். தெப்! இங்க வா. அந்தக் கரண்டியைப் போடு. இங்க பாரு, எவ்வளவு பொருள் இருக்கு! எது வேணும் என் இறால் குஞ்சுக்கு?

ஹோவான்: வர்றா.

லூவா: கண்ணாடியைப் பாக்குறா. தன் மூஞ்சியைப் பாத்து சிரிக்கிறா, அழகி.

ஹோவான்: தாண்டிட்டா.

லூவா: சீப்பு... வேணாமாம். ஏங்க, பேனாகிட்டதான் போறா! நேரா போறா! கையை நீட்டிட்டா...

ஹோவான்: ஏய்ய்ய்! தொடாதே!

லூவா: ஏங்க.

ஹோவான்: நான் கத்தலை.

லூவா: நீங்கதான் கத்துனீங்க.

ஹோவான்: வாய் தானா கத்திடுச்சு. சத்தியமா... நான் நெனக்கவே இல்ல லூவா. தெப், அம்மாடி, இல்ல... எடுத்துக்கோ. அப்பா சும்மா சொன்னேன். இந்தா.

லூவா: உதடு பிதுங்குது. இருங்க, தூக்காதீங்க. அவளாவே வரட்டும். தெப், வா செல்லம், மறுபடி வா.

ஹோவான்: வர்றா... லூவா, பாத்தியா அதை?

லூவா: எதை?

ஹோவான்: பேனாகிட்ட வந்ததும் என் மூஞ்சியைப் பாக்குறா.

லூவா: சும்மா பாக்குறா.

ஹோவான்: சீப்பைத் தொடறப்போ பாக்கலை. கண்ணாடியைத் தொடறப்போ பாக்கலை. பேனாகிட்ட மட்டும்... பாரு. சுத்திக்கிட்டுப் போறா. எட்டி, அந்தப் பக்கமா சுத்திக்கிட்டுப் போறா. நெருப்பைச் சுத்திப் போற மாதிரி.

லூவா: ஒட்டரிசி உருண்டையை எடுத்துட்டா. பரவாயில்ல. சாப்பாட்டுக் கடை வைப்பா.

ஹோவான்: பேனாவைப் பாத்துப் பயப்படலை அவ. என்னைப் பாத்துப் பயப்படுறா.

லூவா: ஏங்க, ஒத்திகைதானே...

ஹோவான்: ஆறு மாசம் லூவா. தவழ ஆரம்பிச்ச நாள்ல இருந்து நான் அவகிட்ட அதிகமாச் சொன்ன வார்த்தை எது தெரியுமா? "தெப்"கூட இல்ல. "தொடாதே."

லூவா: அழறீங்களா?

ஹோவான்: இஞ்சிப் பாகு. புகை.

லூவா: அடுப்பு அந்தப் பக்கம் இருக்கு.

ஹோவான்: நான் ஒண்ணு பண்றேன். சடங்கு நடக்கிறப்போ பின்வாசல்ல நிக்கிறேன். நான் எதிர்ல இல்லைன்னா அவ எடுப்பா.

லூவா: ஊதுபத்தி யாரு பிடிக்கிறது? உங்க பொண்ணு என்ன எடுத்தான்னு ஊரே பாக்கும், நீங்க கோழிக்கூண்டுகிட்ட நின்னு யாராவது வந்து சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டிருப்பீங்களா?

ஹோவான்: இருப்பேன்.

லூவா: பைத்தியம். வாசல்ல சத்தம் கேக்குது. உங்க ஏழாமக்கா வாத்தோட வந்துட்டாங்க. மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க.

* * *

ஏழாமக்கா: எங்க அவ, எங்க அந்த அசிங்கம் பிடிச்சவ? ஐய, என்ன ஒரு அவலட்சணம்! மூக்கைப் பாரு, மிளகாய்ப்பழம் மாதிரி! இப்படி ஒரு கோரமான குழந்தையை நான் பாத்ததே இல்ல!

லூவா: நல்லாத் திட்டுங்க அக்கா. கண்ணு படாம இருக்கட்டும்.

ஏழாமக்கா: கன்னத்தைப் பாரு, தூ தூ, கடிச்சுத் துப்பணும் போல... எங்க இவ அப்பன்? பதினஞ்சு சொந்தக்காரங்க உக்காந்திருக்காங்க, கடைக்குட்டியைக் காணோம்.

லூவா: பின்வாசல்ல.

ஏழாமக்கா: ஏன், வயிறு சரியில்லையா?

லூவா: நீங்களே கேளுங்க.

ஏழாமக்கா: கடைக்குட்டி! டேய்! இங்க வா. கோழிக்கூண்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிற வயசா உனக்கு?

ஹோவான்: நீங்க ஆரம்பிங்க அக்கா. நான் இங்க இருந்தே...

ஏழாமக்கா: அப்பன் எதிர்ல நிக்காம தட்டை வச்சா, மருத்துவச்சித் தாய்கள் என்ன நெனப்பாங்க? அப்பன் இல்லாத குழந்தைன்னு கணக்கு எழுதிட்டுப் போயிடுவாங்க. வா உள்ள. பிடி ஊதுபத்தியை. நிமிந்து நில்லு.

ஹோவான்: அக்கா, நான் நின்னா அவ...

ஏழாமக்கா: வாயை மூடு. தாய்களே, பன்னெண்டு பேரும் வந்தாச்சா? புருவத்தை வளைச்ச தாயே, காது மடலை மடிச்ச தாயே, தூக்கத்துல சிரிக்கச் சொல்லிக் குடுத்த தாயே... ஆளுக்கொரு கிண்ணம் இருக்கு. இஞ்சிப் பாகு, உள்ள பாசிப்பருப்புப் பூரணம். சண்டை போடாம எடுத்துக்குங்க. இந்தக் குட்டிக்கு ஒரு வருஷம் முடிஞ்சுது. தொட்டிலை விட்டு இறங்குறா. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. லூவா, இறக்கி விடு.

லூவா: போடா செல்லம்.

ஏழாமக்கா: எல்லாரும் நகருங்க. வழி விடுங்க. ஆ, வர்றா வர்றா. நெல்லுக் கிண்ணம்... கொட்டிட்டா! பரவாயில்ல, நெல்லு சிந்துனா வீடு நிறையும்.

லூவா: கத்தரி! கத்தரியைத் தொட்டுட்டா! என் ராசாத்தி...

ஏழாமக்கா: விட்டுட்டா.

லூவா: விட்டுட்டாளா?

ஏழாமக்கா: உன் கத்தரி போச்சு. இப்போ... இது என்ன, மீன் போட்ட குச்சி?

லூவா: பேனா அக்கா.

ஏழாமக்கா: இவன் பேனாவா? தட்டுல வச்சிருக்கானா? இதை இவன் வெளிய எடுத்தே நான் பாத்ததில்லையே!

லூவா: ஏங்க... பாக்குறா. உங்களைப் பாக்குறா.

ஹோவான்: தெரியுது.

லூவா: சிரிங்க.

ஹோவான்: சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

லூவா: அது சிரிப்பா? கடையில பல் வரிசை காட்டுற மாதிரி இருக்கு. ஒழுங்கா சிரிங்க.

ஹோவான்: ...தெப். அப்பா இங்கதான் இருக்கேன். ஒண்ணும் சொல்ல மாட்டேன். எடு அம்மா.

ஏழாமக்கா: ஏன்டா குரல் நடுங்குது உனக்கு?

லூவா: உஷ்... அக்கா, உஷ்.

ஏழாமக்கா: எடுத்துட்டா! பேனா! பேனாவைத் தூக்கிட்டா! டீச்சர்! இல்ல, டாக்டர்!

லூவா: எடுத்துட்டாங்க! ஏங்க, எடுத்துட்டா!

ஹோவான்: பாத்தேன். பாத்தேன் லூவா.

ஏழாமக்கா: எங்க போறா? ஏய், எங்க போறே குட்டி? இது என்ன சத்தம், டொக்கு டொக்குன்னு?

லூவா: பேனாவை கைக்குள்ள வச்சுக்கிட்டே தவழுறா அக்கா. கையை ஊனுறப்போ எல்லாம் தரையில இடிக்குது.

ஏழாமக்கா: நல்ல கல்லுத் தரை. டொக்கு! ஹாஹா, கேளு! டொக்கு!

ஹோவான்: ம்ம்...

லூவா: வாயைத் திறக்காதீங்க.

ஹோவான்: திறக்கலை.

ஏழாமக்கா: டொக்கு! ஏன்டா, உடையாதா அது?

ஹோவான்: ...உடையாது அக்கா.

லூவா: உடைஞ்சா?

ஹோவான்: உடையட்டும்.

ஏழாமக்கா: உன்கிட்டதான் வர்றா. குனி. குனிடா மரமே! உன் முட்டியைப் பிடிச்சு ஏறுறா.

ஹோவான்: வா அம்மா. வா... என்ன? எனக்கா? எனக்கா குடுக்குறே?

ஏழாமக்கா: இது என்னடி அதிசயம்! தனக்கு எடுத்ததை அப்பன் கையில திணிக்கிறா! நூறு தட்டு பாத்திருக்கேன். எடுத்தா வாயில வைக்கும், இல்லன்னா வீசும். கொண்டுபோய்க் குடுத்த குழந்தையை இப்பதான் பாக்குறேன். இது என்ன உத்தியோகம்? தபால்காரியா?

லூவா: தபால்காரியே ஆகட்டும் அக்கா.

ஏழாமக்கா: கடைக்குட்டி அழறான். எல்லாரும் பாருங்க, மீசை வச்சவன் அழறான்.

ஹோவான்: புகை அக்கா.

ஏழாமக்கா: ஊதுபத்தி அணைஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சுடா.

* * *

லூவா: எல்லாரும் போயாச்சு. மீதி வாத்தைக் குளிர்பெட்டில வச்சுட்டேன். தெப் தூங்கிட்டா, வாய் நிறைய இஞ்சிப் பாகோட.

ஹோவான்: ம்.

லூவா: இன்னும் அதையே பாத்துக்கிட்டிருக்கீங்க? ரொம்ப அடியா?

ஹோவான்: மூடில ஆறு கீறல். மீனோட வால்ல கொஞ்சம் தங்கம் உதிர்ந்திருக்கு.

லூவா: தேய்ச்சு சரி பண்ணிடலாம்ல?

ஹோவான்: பண்ணலாம்.

லூவா: பண்ணுங்க.

ஹோவான்: பண்ண மாட்டேன். இது அவ போட்டது. இருக்கட்டும்.

லூவா: ...நிஜமாவா?

ஹோவான்: நிஜமா. ஆனா ஒண்ணு புரியல. எடுத்தா, சரி. ஏன் நேரா என்கிட்ட கொண்டு வந்து குடுத்தா? யாரு சொல்லிக் குடுத்தா?

லூவா: சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.

ஹோவான்: சொல்லு.

லூவா: கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லுங்க முதல்ல.

ஹோவான்: இன்னிக்கு என்னால கோவப்படவே முடியாது. சொல்லு.

லூவா: அலமாரிக்கு முன்னாடிதானே பூட்டு போட்டிருக்கீங்க? பின்னாடி பலகை மழையில ஊறி, கீழ ஓரத்துல விட்டுப்போச்சு. என் தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குல்ல, அதுக்குள்ள பூந்து போயி... கீழ் இழுப்பறைக்குள்ள கையை விட்டு... ஒண்ணு எடுத்துட்டு வருவா.

ஹோவான்: எத்தனை தடவை?

லூவா: தினமும்.

ஹோவான்: தினமும்!

லூவா: மூணு மாசமா. நான் பிடுங்கலை. பிடுங்குனா கத்துவா. கையை நீட்டி, "அப்பாவோடது, அப்பாவுக்குக் குடுப்பமா?"ன்னு கேப்பேன். கொஞ்ச நேரம் கடிச்சுட்டு, கொண்டு வந்து வைப்பா. துடைச்சு, ரெண்டு பேருமாப் போயி உள்ள வைப்போம். உங்க மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுட்டா போதும், அவளே தவழ்ந்து வந்து என் கையில குடுத்துடுவா.

ஹோவான்: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ.

லூவா: சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? நாப்பத்தொண்ணையும் மூட்டை கட்டிப் பல் கடைக்குக் கொண்டு போயிருப்பீங்க. பேனா போற எடத்துக்குத்தான் நீங்களும் போவீங்க. சாயங்காலம் இந்தத் தரையில உக்காந்து பேனா துடைக்கிறீங்களே, அந்த ஒரு மணி நேரம்தான் நீங்க எங்க ரெண்டு பேருக்கும் கிடைக்கிறது. அதை விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரலை. என்னங்க? கோவமா?

ஹோவான்: இல்ல. ஒண்ணு கேக்குறேன். இத்தனை நாள் கடிச்சாளே, ஒரு தடவையாவது அவ வாய் நீலமாச்சா?

லூவா: ...இல்ல. ஆகலை.

ஹோவான்: மூடி ஒரு தடவையாவது கழண்டுச்சா?

லூவா: இல்லியே. நானும் நெனப்பேன், நல்ல பேனா, அதான் மை ஒழுகலைன்னு.

ஹோவான்: எவ்வளவு நல்ல பேனாவா இருந்தாலும் குழந்தை கடிச்சா மை கக்கும் லூவா.

லூவா: அப்போ... இருங்க. உங்களுக்கு எப்போ...

ஹோவான்: எனக்கும் அதே மூணு மாசம்தான். ஒரு மூடில நாலு பல் பதிஞ்சிருந்துச்சு. என் பொண்ணோட பல்லு எனக்குத் தெரியாதா? அன்னிக்கே சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கிட்டுப் பலகையை அடைக்கத்தான் போனேன். போயி, அந்த சந்துக்குள்ள குப்புறப் படுத்துக்கிட்டு யோசிச்சேன்... அப்புறம் நல்லதெல்லாம் மேல் இழுப்பறைக்கு மாத்திட்டு, மையைக் கழுவி, அவ கைக்கு வாகா தடிச்ச பேனாவா ஏழு பொறுக்கி, மூடியை இறுக்கித் திருகி வச்சுட்டு வந்தேன். என் எதிர்ல வந்தா இந்த வாய் "தொடாதே"ன்னுதான் கத்தும்னு எனக்கே தெரியும். நான் வீட்ல இல்லாத நேரத்துலயாவது அவ பயமில்லாமத் தொடட்டும்னுதான் லூவா.